மணலூர்பேட்டை மணலுக்கும் புதுச்சேரி கடற்கரைக்கும் என்ன தொடர்பு?

தை மாதம் 5-ம் தேதி மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணை ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் நாள் அது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து சாமிகளும் சனங்களும் ஆற்று மணலில் கூடிவிடுவார்கள். பொரி, கரும்பு, வளையல், பலூன் என்று ஒரு நாள் சந்தையே அந்த மணலில் முளைத்துவிடும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. மலை உண்டு, ஆறு உண்டு, ஏரி உண்டு. கடற்கரை மட்டும் இல்லை. ஆனால், திருவிழாக் கூட்டத்தின் காலடியில் கிடக்கும் மணலுக்குக் கடல்தான் போய்ச் சேரும் இடம். அது கடலுக்குப் போய் என்ன செய்கிறது என்பதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்ற கேள்வியில்தான் ஒரு துறைமுகத்தின் தலையெழுத்தும், பல மீனவ கிராமங்களின் தலையெழுத்தும் இருக்கிறது.

கடற்கரையில் துறைமுகம், அலைத்தடுப்புச் சுவர், தூண்டில் வளைவு என்று எதைக் கட்டுவதாக இருந்தாலும், முதல் கல் விழுவதற்கு முன்பே கடலை ஆய்வு செய்ய வேண்டும். அதில் எதை, எப்போது, எவ்வளவு தூரத்துக்கு அளக்கிறார்கள்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

மணல் போகும் வழி

தென்பெண்ணை, கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து மணலூர்பேட்டைக்கு வருகிறது. பிறகு திருக்கோவிலூர், விழுப்புரம் பக்கத்து ஊர்கள் வழியாக ஓடி, கடலூருக்கு அருகே தாழங்குடா பகுதியில் வங்கக் கடலில் கலக்கிறது.

ஆறு தண்ணீரை மட்டும் சுமந்து போவதில்லை. மலைப்பாறை உடைந்து கல்லாகி, கல் உருண்டு மணலாகி, ஒவ்வொரு வெள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. நம்முடைய கடற்கரைகளில் நாம் மிதிக்கும் மணலில் பெரும்பகுதி இப்படி ஆறுகள் கொண்டுவந்து கொட்டியதுதான்.

கடலுக்குள் வந்த பிறகும் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. அலைகள் கரைக்கு நேராக வந்து மோதாமல் சாய்வாக வந்து மோதுகின்றன. அந்தச் சாய்வு, மணலைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகிறது. சோழமண்டலக் கரையில் மார்ச் முதல் அக்டோபர் வரை மணல் வடக்கு நோக்கிப் போகும். வாடைக் காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தெற்கு நோக்கித் திரும்பும். வடக்கே போகும் மாதங்கள் அதிகம் என்பதால், ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் மணல் வடக்கே போனதாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கு சில லட்சம் கன மீட்டர் அளவில் வருகிறது.

தாழங்குடாவிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் புதுச்சேரி. அதாவது, மணலூர்பேட்டை வழியாகப் போகும் மணலுக்குக் கடலில் கிடைக்கும் அடுத்த பெரிய ஊர் அதுதான்.

1986-ல் போட்ட கல்

புதுச்சேரியின் கடற்கரைச் சாலையில் இன்று நடப்பவர்கள், கருங்கற்கள் குவிந்து கிடக்கும் கரையைப் பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே அகலமான மணல் கடற்கரை இருந்தது. ஊரில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1986-ல் தொடங்கி 1989-க்குள் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. சுவருக்குத் தெற்கே கரை வளர்ந்தது. வடக்கே மணல் வரத்து நின்றது. ஆனால் அலை நிற்கவில்லை. அது வழக்கம்போல இருக்கிற மணலை எடுத்து வடக்கே அனுப்பிக்கொண்டே இருந்தது. போனதற்கு ஈடாக எதுவும் வரவில்லை. வங்கிக் கணக்கில் பணம் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் நடந்தது.

இது யாருக்கும் தெரியாமல் நடந்த விபத்து இல்லை. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்ற ஏற்பாடு அந்தத் துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அந்த வேலை தொடர்ந்து நடக்கவில்லை என்பதுதான் பிரச்னை.

நகரத்தைக் காப்பாற்ற கடற்கரையில் கல் கொட்டினார்கள். நகரம் தப்பித்தது, அரிப்பு வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அடுத்தடுத்த மீனவ கிராமங்களைக் கடல் தொட ஆரம்பித்தது. ஓர் ஊரில் தூண்டில் வளைவு போட்டால், அதற்கு வடக்கே இருக்கும் ஊரில் அரிப்பு. அங்கே போட்டால், அதற்கும் அடுத்த ஊரில்.

இதில் இன்னொரு சிக்கல். துறைமுகம் இருப்பது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில். கரையை இழந்த கிராமங்கள் இருப்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில். மணலுக்கு எல்லை தெரியாது. நிவாரணம் கேட்டுப் போகிற மனிதருக்கு எல்லை தெரிந்தே ஆக வேண்டியிருக்கிறது.

கடற்கரை போனால் அழகு மட்டும் போவதில்லை. படகை ஏற்றி வைக்க இடம் போகிறது, வலை உலர்த்த இடம் போகிறது, கருவாடு காயவைக்க இடம் போகிறது. கரையில் நின்று இழுக்கும் கரைவலைத் தொழிலுக்குக் கரையே முதலீடு. அது போனால் தொழிலே போகிறது.

பிறகு மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சென்னை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், தலைமைச் செயலகம் அருகே கடலுக்கு அடியில் ஒரு செயற்கைத் திட்டை 2018-ல் அமைத்தது. அலையின் வேகத்தைக் குறைத்து மணலைத் தங்க வைப்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் பகுதியில் மணல் கடற்கரை திரும்ப வந்தது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து!

சென்னைக்கு முன்பே தெரிந்த பாடம்

இது புதிய பாடமும் இல்லை. சென்னைத் துறைமுகம் 1870-களில் கட்டத் தொடங்கப்பட்டது. 1881-ல் வந்த புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. இன்று நாம் சுண்டல் வாங்கிச் சாப்பிடும் மெரினாவின் அகலத்துக்கு அந்தச் சுவர் ஒரு முக்கியக் காரணம். வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. எண்ணூர் செல்லும் சாலையோரம் குவிந்திருக்கும் கருங்கற்கள் அந்தக் கதையின் மிச்சம்தான்.

தெற்கே வளரும், வடக்கே கரையும். சென்னையில் கண்ணால் பார்த்து நூறாண்டு ஆன பிறகுதான் புதுச்சேரியில் சுவர் எழும்பியது.

கடலில் எதையெல்லாம் அளப்பார்கள்?

கட்டுமானத்துக்கு முன்பு நடக்கும் கடல் ஆய்வில், வழக்கமாக இவை இருக்கும்:

• ஆழம்: படகிலிருந்து ஒலி அலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துக் கடலடியின் மேடு பள்ளத்தை வரைவார்கள்.

• அலையும் நீரோட்டமும்: மிதவைக் கருவிகள் அலையின் உயரத்தையும் திசையையும் பதிவு செய்யும். நீரோட்டத்தின் வேகத்தைத் தனிக் கருவிகள் அளக்கும்.

• அடிமண்: இரும்புத் தாடை போன்ற கருவியை இறக்கி ஒரு கவ்வு மண் எடுப்பார்கள். மணலா, சேறா, எவ்வளவு பருமன் என்று பார்ப்பார்கள்.

• அடிமண்ணில் வாழும் உயிர்கள்: அந்த மண்ணைச் சல்லடையில் அலசினால் புழு, சிறு சிப்பி, குட்டி நண்டு என்று ஓர் உலகமே கிடைக்கும். பல மீன்களுக்கு இதுதான் சாப்பாடு. இது குறைந்தால் வலையில் மீன் குறையும்.

• நீரின் தரம்: உப்பு, கரைந்திருக்கும் ஆக்சிஜன், கலங்கல்.

• மீன், ஆமை, கடற்புல், பவளப் பாறை: எங்கே, எவ்வளவு, எந்த மாதத்தில்.

• கரைக்கோடு: பழைய வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கரை எங்கே முன்னேறியது, எங்கே பின்வாங்கியது என்று கணிப்பார்கள்.

• மனிதர்கள்: படகு நிற்கும் இடம், வலை உலர்த்தும் இடம், எந்த ஊர்க்காரர்கள் எந்தப் பாட்டில் மீன் பிடிக்கிறார்கள் என்ற விவரம்.

இந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுவர் கட்டினால் 10, 20 ஆண்டுகளில் கரை எப்படி மாறும் என்று கணித்துப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் மிகச் சரியாகத்தான் கணக்குப் போடும். ஆனால் நாம் கொடுத்த அளவு குறையாக இருந்தால், விடையும் குறையாகத்தான் வரும்.

எந்த மாதத்தில் அளந்தார்கள்?

அதிகம் பேசப்படாத, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் பரவலாக இருக்கும் நடைமுறை, மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில், அதாவது மூன்று மாதங்களுக்குத் தரவு சேகரிப்பது. தொழிற்சாலைப் புகையை அளக்க இது ஓரளவு போதலாம். தமிழ்நாட்டுக் கடலுக்கு இது போதுமா? நம் கடலின் காலண்டரைப் பாருங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மார்ச் முதல் அக்டோபர் வரை மணல் வடக்கே ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் வரும், ஆறுகளில் வெள்ளம் வரும், புது மணல் கடலுக்கு வந்து சேரும். அதன் பிறகு மணல் தெற்கே திரும்பும்.

இப்போது ஒருவர் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் ஆய்வு செய்தால் என்ன பார்ப்பார்? விசைப்படகுகள் இல்லாத கடலைப் பார்ப்பார். ஆமைப் பருவம் ஏறக்குறைய முடிந்த கரையைப் பார்ப்பார். ஆற்று முகத்துவாரம் வறண்டு, மணல் மூடிக் கிடப்பதைப் பார்ப்பார். அவர் எழுதியது எதுவும் பொய்யாக இருக்காது. ஆனால் அது கடலின் முழுக் கதையாகவும் இருக்காது.

மணலூர்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோடையில் தென்பெண்ணையைப் பார்த்தவர், அது மணல்வெளி என்பார். 2024 டிசம்பர் 2-ம் தேதி பார்த்தவர் என்ன சொல்வார்? ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து அன்று அதிகாலை விநாடிக்கு சுமார் 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோரத்து மக்கள் தவித்த நாள் அது. பல ஆண்டுகளில் நகராத மணலை இப்படி ஒரு வெள்ளம் சில நாள்களில் நகர்த்திவிடும்.

ஆற்றின் குணம் கோடையில் தெரிந்துவிடாது. கடலின் குணமும் அப்படித்தான். குறைந்தது ஒரு முழு ஆண்டு, எல்லாப் பருவங்களிலும் அளந்தால்தான் அதன் வரவும் செலவும் புரியும்.

எவ்வளவு தூரத்துக்கு அளந்தார்கள்?

அடுத்த கேள்வி தூரம். திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஆரத்துக்குள் ஆய்வு செய்வது வழக்கம். ஆனால் புதுச்சேரியில் அந்த வட்டத்துக்குள் வரும் மணலின் ஒரு பங்கு, பெண்ணையாற்றின் வழியாக நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருவது. 1957-ல் கிருஷ்ணகிரி அணையும், 1958-ல் சாத்தனூர் அணையும் வந்தன. அணை தண்ணீரைத் தேவைப்படும்போது திறந்துவிடும். மணலைப் பெரும்பாலும் தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும். அணைக்குக் கீழே மிஞ்சியிருந்த மணல், லாரிகளில் ஏறிக் கட்டடங்களாகிவிட்டது.

அதாவது, ஒரு பக்கம் ஆற்றிலிருந்து வரவு குறைந்தது. மறுபக்கம் துறைமுகச் சுவர் வழியை மறித்தது. இரண்டும் சேர்ந்துதான் வடக்கே உள்ள கிராமங்களில் விடிகிறது. ஆற்றைப் பார்க்கும் துறை வேறு, கடலைப் பார்க்கும் துறை வேறு என்பதால், இரண்டு கணக்கையும் ஒரே நோட்டில் எழுதுவது அரிது.

2011-ம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இதை ஓரளவு உணர்ந்திருந்தது. குறைவான அல்லது நடுத்தர அரிப்பு உள்ள கரைகளில் வரும் திட்டங்களுக்கு, அக்கம்பக்கத்துத் திட்டங்களின் விளைவையும் சேர்த்துப் பார்க்கும் விரிவான ஆய்வு வேண்டும் என்று அது சொன்னது. சேர்த்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு தூண்டில் வளைவும் தனியாகப் பார்த்தால் சிறியதுதான். வரிசையாக நின்றால் அவை ஒரு பெரிய சுவர்.

மத்திய அரசின் தேசிய கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான கரை மாற்றத்தைக் கணக்கிட்டது. இந்தியப் பெருநிலத்தின் கரையில் 33.6 சதவீதம் அரிப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 42.7 சதவீதம், புதுச்சேரியில் 56.2 சதவீதம். கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாத எண்கள் இவை.

ஆஸ்திரேலியாவில் என்ன செய்தார்கள்?

புதுச்சேரியின் அதே கதை ஆஸ்திரேலியாவிலும் நடந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தின் சுவர்களை 1960-களில் கடலுக்குள் நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது. வடக்கே, எல்லைக்கு அப்பால், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கோல்ட் கோஸ்ட் கடற்கரைகள் கரைந்தன. இங்கே போலவே ஓர் ஆட்சிப் பகுதியின் சுவர், இன்னொரு பகுதியின் இழப்பு.

வித்தியாசம் அதன் பிறகுதான். இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டு, சட்டமும் இயற்றி, செலவைப் பகிர்ந்துகொண்டன. தெற்கே தேங்கும் மணலைப் பம்ப் மூலம் உறிஞ்சி, குழாய் வழியாக வடக்கே கொண்டுபோகும் நிலையம் 2001 முதல் இயங்குகிறது. ஆண்டுக்கு சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணல் இப்படிப் பயணம் செய்கிறது. கரை எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து அளக்கவும் செய்கிறார்கள். கட்டும் முன் அளப்பது பாதி வேலை. கட்டிய பின்னும் அளந்துகொண்டே இருப்பது மீதி.

நீங்கள் என்ன கேட்கலாம்?

2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய துறைமுகத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். நமக்கு அது தமிழ். அந்தச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பது உங்கள் உரிமை.

திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளியில், சுமார் 330 ஏக்கர் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிவாக்கும் திட்டத்துக்கான கருத்துக்கேட்பு, 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தேதி குறிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. பழவேற்காடு பகுதி மீனவர்கள் மணலையும் அரிப்பையும் பற்றித்தான் முதலில் பேசினார்கள். அவர்கள் கடலை எல்லா மாதங்களிலும் பார்க்கிறவர்கள்.

உங்கள் கையில் ஓர் ஆய்வறிக்கை கிடைத்தால், இந்த நான்கையும் தேடுங்கள்:

1. அளந்த மாதங்கள் எவை? வடகிழக்குப் பருவமழைக் காலம் அதில் இருக்கிறதா?

2. மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஆண்டுக் கணக்கு இருக்கிறதா? ஆற்றின் பெயர் அதில் இருக்கிறதா?

3. திட்டத்துக்கு வடக்கே உள்ள கடைசி பாதிக்கப்படும் ஊர் எது என்று சொல்லியிருக்கிறார்களா? அந்த ஊர் வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ இருந்தாலும்?

4. தேங்கும் மணலை எடுத்து மறுபக்கம் போடும் பொறுப்பு யாருக்கு? அதற்கான செலவு ஆண்டுதோறும் எங்கிருந்து வரும்?

நான்காவது கேள்வி மிக முக்கியம். புதுச்சேரியில் விடை காகிதத்தில் இருந்தது. கடலில்தான் இல்லை.

கடற்கரையில் வசிப்பவர்களுக்கு மட்டும் இந்த வேலை என்று நினைக்க வேண்டாம். ஆற்று மணல் எடுக்க ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாவட்ட ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது. எடுத்த மணலுக்கு ஈடாக ஆற்றில் எவ்வளவு மணல் திரும்பச் சேர்கிறது என்பதையும் கணக்கிட வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கணக்கு அது. மணலூர்பேட்டையில் ஒரு லாரி மணல் குறைந்தால், பொம்மையார்பாளையத்தில் ஒரு படகு நிற்கும் இடம் குறையுமா என்று எந்த அறிக்கையாவது சொல்லட்டும். அதுவரை ஆற்றின் கணக்கும் கடலின் கணக்கும் தனித்தனி நோட்டுகளில்தான் இருக்கும். மணல் மட்டும் இரண்டிலும் குறைந்துகொண்டே போகும்.